வாங்கிய மறுநாளே மாறிய வண்டிகள்

புதிதாக ஒரு சைக்கிள் வாங்கியவன் அதனை வாங்கியபடியே வைத்திருப்பதில்லை. மறுநாளே மணி ஒன்று, விளக்கு ஒன்று, ஆசனத்துக்கு ஓர் உறை, சில்லுக் கம்பிகளில் வர்ண மணிகள் என்று ஏதேனும் ஒன்றைப் பூட்டிப் பார்த்தாற்றான் அது தன்னுடையது என்ற எண்ணம் அவனுக்கு உண்டாகும். கடையில் வரிசையாக நின்ற பல சைக்கிள்களுள் ஒன்று அப்பொழுதே 'என் சைக்கிள்' ஆகின்றது. இது மனித இயல்பு. இவ்வியல்பு, பெருந் தொழிற்சாலைகள் மலிந்த ஒரு நாட்டில், வேகத்தின்மேற் பித்துக்கொண்ட ஒரு காலத்தில், கையிற் சிறிது பணமும் கண்முன்னே நீண்ட நெடுஞ்சாலையும் உடைய இளைஞர் கூட்டத்திடம் வெளிப்பட்டால் என்ன நிகழும்? 1964ஆம் ஆண்டு முதல் 1970களின் தொடக்கம் வரையிலான அமெரிக்க மோட்டார் வரலாறு இக்கேள்விக்கு விடை கூறுகின்றது.

அக்காலத்தில் அங்கு விற்பனையான ஒருவகைக் கார்களை 'மசில் கார்' என்பர். 'மசில்' என்றாற் தசை. நடுத்தர உடலுக்குள்ளே மிகப் பெரிய எஞ்சினைக் கொண்டிருந்தமையாற் பயில்வானின் பெயரைப் பெற்ற கார்கள் இவை. இவற்றை வாங்கிய இளைஞர் பலர், முதல் நாள் விற்பனை நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஓட்டிச் சென்றனர். இரண்டாம் நாள் கராஜில் நிறுத்திக் கழற்றத் தொடங்கினர். இவ்வாறு மாற்றப்பட்டவற்றை அந்நாட்டுக் கார்ப் பிரியர்கள் இன்று 'இரண்டாம் நாள் கார்கள்' என அழைக்கின்றனர். அந்த இரண்டாம் நாளில் நடந்தது என்ன, அதன் பயன் யாது என்பதையே இக்கட்டுரை ஆராய்கின்றது.

பயில்வான் பிறந்த கதை

டெட்ரோயிட் நகரில் தலைமையகங் கொண்ட ஜெனரல் மோட்டோர்ஸ் கொம்பனி, தன் பிரிவுகள் எவையும் கார்ப் பந்தயங்களில் ஈடுபடலாகாது என 1963ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கட்டளையிட்டது. பந்தய வெற்றிகளாற் பெயர்பெற்று இளைஞரைக் கவர்ந்துவந்த பொன்டியாக் பிரிவுக்கு இது பெரும் இடியாக வந்தது. பந்தயக் களத்தில் ஓட முடியாவிட்டால், தெருவில் ஓடும் காரிலேயே அந்த வேகத்தை வைத்தால் என்ன என்று அப்பிரிவின் தலைமைப் பொறியியலாளர் ஜோன் டிலோறியனும் அவருடைய துணைவர்களும் சிந்தித்தனர். பெரிய காரின் எஞ்சினை நடுத்தரக் காருக்குள் இறக்குவதே அவர்கள் கண்ட வழி.

கொம்பனியின் விதி ஒன்று குறுக்கே நின்றது. நடுத்தரக் கார்களின் எஞ்சின் 330 கன அங்குலத்தைத் தாண்டலாகாது. அவர்கள் வைக்க விரும்பியதோ 389 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 6.4 லீற்றர். புதிய கார் என்று அறிவித்தாலன்றோ மேலிடத்தின் அநுமதி வேண்டும்? ஆதலால், ஏற்கெனவே விற்பனையில் இருந்த 'டெம்பெஸ்ட் லெமான்ஸ்' என்னும் காருக்கு விரும்பியோர் சேர்த்துக்கொள்ளத்தக்க மேலதிகச் சாதனமாக அந்த எஞ்சினைப் பட்டியலிற் சேர்த்தனர். அதற்கு விலை 295 டொலர் 90 சதம், பெயர் ஜீ. ரீ. ஓ. சாதாரண அமைப்பில் 325 குதிரைவலு. மூன்று காபரேட்டர்கள் பூட்டியதற்கு 348 குதிரைவலு. 1964ஆம் ஆண்டு மொடலில் மட்டும் 32,450 கார்கள் விற்பனையாயின.

ஏனைய கொம்பனிகள் சும்மா இருக்கவில்லை. போர்ட், ஷெவர்லே, டொட்ஜ், பிளைமவுத் எனப் பல பெயர்களிலும் இவ்வகைக் கார்கள் வெளிவந்தன. கிறைஸ்லர் கொம்பனி 1966இல் தெருவுக்கு விட்ட 'ஹெமி' எஞ்சின் 426 கன அங்குலமும் 425 குதிரைவலுவும் உடையது. வாங்குவோருக்கும் குறைவில்லை. உலகப் போர் முடிந்தபின் 1946இற் பிறந்த குழந்தைகள் 1964இல் 18 வயதை எட்டியிருந்தனர். பிறப்பு விகிதம் உயர்ந்திருந்த அவ்வாண்டுகளின் பிள்ளைகள், ஆண்டுக்காண்டு அலையலையாகச் சாரதி அநுமதிப்பத்திரம் பெற்றனர். ஒரு கலன் பெற்றோல் 30 சதமளவில் விற்ற காலம் அது. யானைப் பசி கொண்ட எஞ்சினுக்குத் தீனி போடுவது ஒரு பெரும் பொருட்டாகத் தோன்றவில்லை.

தொழிற்சாலை விட்ட குறை

இத்துணை வலுமிக்க காரை வாங்கிய இளைஞன் அதனை ஏன் மறுநாளே கழற்றவேண்டும்? இதற்குத் தக்க காரணம் இருந்தது.

தொழிற்சாலை என்பது எல்லாருக்கும் பொருந்தும்படி சட்டை தைக்கும் தையற்காரனைப் போன்றது. அங்கிருந்து வெளிவரும் கார், வேகப் பிரியனுக்கும் விற்பனையாக வேண்டும். வேலைக்குச் செல்லும் தந்தைக்கும் விற்பனையாக வேண்டும். ஓசை குறைய வேண்டும். குளிர்காலக் காலையில் உடனே இயங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உற்பத்திச் செலவு அடங்க வேண்டும். ஆகவே எஞ்சினிற் காட்டிய தாராளத்தைக் கொம்பனிகள் ஏனைய உறுப்புகளிற் காட்டவில்லை. டயர்கள் ஒடுங்கியவை. பல கார்களின் நான்கு சில்லுகளிலும் பழைய முறையான உருளைத் தடுப்புகளே இருந்தன. எண்ணெயின் அமுக்கம் குறைந்தால் அதனை அளந்து காட்டும் கருவிக்குப் பதிலாகச் சிவப்பு விளக்கொன்று எரியும்; அது எரியும்போது தீங்கு நேர்ந்திருக்கவுங் கூடும்.

1968இல் வெளிவந்த பிளைமவுத் 'றோட் றன்னர்' இதற்கு நல்ல உதாரணம். ஆடம்பரங்களை நீக்கி, 335 குதிரைவலு எஞ்சினை மட்டும் வைத்து, 3,000 டொலருக்கு உட்பட்ட தொடக்க விலையில் அதனை விற்றனர். உள்ளே கம்பளத்துக்குப் பதிலாக இறப்பர் விரிப்பு. தனித்தனி ஆசனங்களுக்குப் பதிலாக நீண்ட வாங்கு. கேலிச் சித்திரப் பறவையொன்றின் குரலைப் போல ஒலிக்கும் ஊதுகுழல் மட்டுமே அதன் அலங்காரம். இத்தகைய கார், கோடு போடாத கொப்பியைப் போன்றது. அதில் எழுதவேண்டியதை வாங்கியவனே எழுதிக்கொள்ளலாம்.

வேகச் சரக்கு விற்ற கடைகள்

எழுதுவதற்கு வேண்டிய கருவிகளும் ஆயத்தமாக இருந்தன. கார்க் கொம்பனிகளைச் சேராத சிறு தொழிலகங்கள், எஞ்சினின் வேகத்தைக் கூட்டும் உறுப்புகளை நீண்டகாலமாகவே செய்து வந்தன. கலிபோர்ணியா மாநிலத்தின் பெல் என்னும் ஊரில் ஜோர்ஜ் வைட் என்பவர் 1923இல் தொடங்கிய 'பெல் ஓட்டோ பார்ட்ஸ்' இத்தகைய கடைகளுக்கு முன்னோடியாகக் கருதப்படுகின்றது. விக் எடெல்புறொக் என்பவர் தம்முடைய 1932ஆம் ஆண்டுப் போர்ட் காரை வேகமாக ஓட்ட விரும்பி, எஞ்சினுக்குள் வளியும் பெற்றோலும் செல்லும் கிளைக்குழாயைப் புதிதாக வடிவமைத்தார். 1938இல் அவர் தமக்கென உருவாக்கிய அதனைப் பிறரும் கேட்டனர். அதுவே பெருந் தொழிலாயிற்று. 1960களில் புகைக்குழாய்களுக்குப் பெயர்பெற்ற காரி ஹூக்கரும் முதலில் தம் சொந்தக் காருக்காகவே குழாய்களை வளைத்தவர். வேண்டியதைத் தாமே செய்துகொண்டவர்கள் பின்னர் ஊருக்கே செய்து கொடுத்தனர் என்பதே இத்தொழிலின் வரலாற்றுச் சுருக்கம்.

1948 ஜனவரியில் றொபேர்ட் பீற்றர்சன் என்பவர் 'ஹொட் றொட்' என்னும் சஞ்சிகையை ஆரம்பித்தார். கலிபோர்ணியாவில் ஒருவர் கண்ட நுட்பத்தை நாட்டின் மறுகோடியில் உள்ள மாணவனும் இதன்மூலம் கற்றுக்கொண்டான். அதே ஆண்டில் டெனசி மாநிலத்தின் சற்றனூகா நகரில் 'ஒனெஸ்ட் சார்லி' கடை தோன்றியது. சிக்காகோவின் ஜே. சீ. விட்னி நிலையத்தின் விலைப்பட்டியல் தபாலில் வீடு தேடி வந்தது. சிறு நகரத்து இளைஞர்கள் இராப் போசனத்தின் பின் அப்பட்டியலைப் பாடப் புத்தகத்திலும் கவனமாகப் படித்தார்கள் என்றால் அது மிகையன்று. இவ்வாறு வளர்ந்த தொழிலகங்கள் 1963இல் ஒன்றுகூடித் தமக்கெனச் 'சீமா' என்ற சங்கத்தை அமைத்தன. 1967இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் அச்சங்கம் முதற் கண்காட்சியை நடத்தியது.

கழற்றியதும் பூட்டியதும்

இனி, இரண்டாம் நாட் காலையில் கராஜினுள்ளே நுழைவோம்.

முதலிற் கழற்றப்படுவது பெரும்பாலும் சில்லே. தொழிற்சாலை கொடுத்த சாதாரண இரும்புச் சில்லும் அதன் மூடியும் மூலைக்குச் செல்லும். அவ்விடத்தில் ஐந்து கரங்கள் கொண்ட பளபளக்கும் சில்லு ஏறும். பந்தயக் கார்களுக்கு இலேசான மக்னீசியம் உலோகத்தாற் சில்லு வார்த்தமையால் இவ்வகைக்கு 'மாக்' என்ற பெயர் நிலைத்தது. 1963இல் வந்த 'டோர்க் திறஸ்ட்', 1964இல் வந்த 'கிறேகர் எஸ். எஸ்.' ஆகிய இரண்டும் அக்காலத்தில் எங்கும் காணப்பட்டவை. பின்னவற்றின் நடுப்பகுதி அலுமினியம், வளையம் உருக்கு, இரண்டுக்கும் குறோம் மெருகு. கண்ணுக்கு அழகு, கைக்கு அடக்கமான விலை.

அடுத்தது கியர் லீவர். தொழிற்சாலை லீவர்களிற் பல நெகிழ்ச்சியுடையவை. அவசரத்தில் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்குத் தள்ளும்போது இடந்தவறும். ஜோர்ஜ் ஹேர்ஸ்ட் என்பவருடைய கொம்பனி தடித்த உருக்கினால் உறுதியான லீவரைச் செய்து புகழ்பெற்றது. பொன்டியாக் பிரிவே தன் ஜீ. ரீ. ஓ. கார்களுக்கு அந்த லீவரைத் தெரிந்துகொண்டது. வெளிக்கடைப் பொருளொன்று தொழிற்சாலைக்குள்ளே சிவப்புக் கம்பள வரவேற்புப் பெற்ற அருமையான சந்தர்ப்பம் அது.

மூன்றாவதாக எஞ்சின். இங்கே மாணவர்கள் சிறிது கவனிக்க வேண்டும். எஞ்சின் என்பது ஒரு வகையில் வளியை இழுத்து வெளிவிடும் பம்பியே. எவ்வளவு வளியைத் தடையின்றி உள்ளிழுத்து, எவ்வளவு புகையைத் தடையின்றி வெளிவிடுகின்றதோ அவ்வளவுக்கு அதன் வலு பெருகும். தொழிற்சாலை பூட்டிய வார்ப்பிரும்புப் புகைக்கிளை குறுகியது. ஒரு சிலிண்டரின் புகை அடுத்ததன் புகையோடு முட்டி நெரிபடும். அதனை நீக்கி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக நீண்ட உருக்குக் குழாயை அமைத்து, அவற்றை ஓரிடத்திற் கூட்டினால் நிலைமை மாறும். முன்னே சென்ற புகை தனக்குப் பின்னே அமுக்கக் குறைவை உண்டாக்க, அக்குறைவு அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துக்கொண்டு போகும். ஹூக்கர், ஹெட்மன் முதலிய கொம்பனிகளின் குழாய்கள் இந்தத் தத்துவத்தின்படி அமைந்தவை. மேற்புறத்தில் எடெல்புறொக்கின் அலுமினியக் கிளைக்குழாயும் அதன்மேல் ஹொலி காபரேட்டரும் அமரும். வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்ற, எட் இஸ்கென்டேரியன் போன்றோர் கடைந்த வேறு கம் தண்டு உள்ளே செல்லும்.

நான்காவதாகப் பின்னச்சு. வலுமிக்க எஞ்சின் திடீரென்று திருகும்போது பின்னச்சைத் தாங்கும் வில்தகடுகள் முறுகும், பின் விடுபடும், மறுபடி முறுகும். சில்லு தரையிற் பதியாமல் துள்ளும். இதனைத் தடுக்க அச்சுக்கு முன்னால் உறுதியான சட்டங்களைப் பூட்டினர். அச்சினுள் இருக்கும் பற்சில்லுகளையும் மாற்றினர். எஞ்சின் மூன்று முறைக்குச் சிறிது கூடுதலாகச் சுழல ஒருமுறை சுழன்ற சில்லு, இப்பொழுது எஞ்சின் நான்கு முறைக்கு மேற் சுழன்றாற்றான் ஒருமுறை சுழலும். கார் அம்பெனப் பாயும், ஆனால் நெடுஞ்சாலையிற் காது செவிடுபடும், பெற்றோலும் கரையும். அகன்ற டயர்களுக்கு இடம்விடுவதற்காகக் காரின் பின்புறத்தை உயர்த்தினர். முன்புறந் தாழ்ந்து பின்புறம் எழுந்த அந்தக் கோலம் அக்காலத்தின் முத்திரையாயிற்று.

இறுதியாக, ஸ்டியரிங் தண்டின்மேல் எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் 'சன்' மானி ஒன்றைப் பட்டியினாற் பூட்டுவர். சிவப்பு விளக்கை நம்பாமல் ஸ்டுவேர்ட் வோர்னர் கொம்பனியின் எண்ணெய் மானியையும் வெப்பமானியையும் வைப்பர். பக்கக் கண்ணாடியில், தாம் வாங்கிய உறுப்புகளைச் செய்த கொம்பனிகளின் சிறு சித்திரச் சீட்டுகளை ஒட்டுவர். அச்சீட்டுகளைக் கண்டதும், உள்ளே என்ன இருக்கின்றது என்பதைத் தெருவில் நிற்பவன் அறிந்துகொள்வான்.

விற்பனையாளரே கம்மியரானார்

இரண்டாம் நாள்வரை காத்திருக்கும் பொறுமை எல்லாருக்கும் இருக்கவில்லை. இதனை உணர்ந்த சில விற்பனையாளர், மாற்றங்களைத் தாமே செய்து கொடுக்கலாயினர். மிச்சிகன் மாநிலத்தின் றோயல் ஓக் நகரில் 'றோயல் பொன்டியாக்' நிலையம் 'பொப்கற்' என்ற பெயரில் எஞ்சினைச் சீர்படுத்திக் கொடுத்தது. மெல்லிய கஸ்கற்று, மாற்றிய காபரேட்டர்த் துவாரங்கள், திருத்திய தீப்பொறி நேரம் என அதன் உறுப்புகள் சிறியன; பயனோ பெரிது. சிக்காகோவில் நோர்ம் கிறவுஸ் என்பவர் டொட்ஜ் கார்களுக்கு இவ்வாறே செய்தார். நியூயோர்க் மாநிலத்தின் லோங் தீவில் ஜோயல் றோசன் மாற்றிக் கொடுத்த ஷெவர்லே கார்களுட் சில, கால் மைலை 11.5 விநாடியிற் கடக்கும் என்ற உறுதிமொழியுடனேயே விற்கப்பட்டன.

பென்சில்வேனியா மாநிலத்தின் கனன்ஸ்பேர்க் ஊரில் டொன் யெங்கோ செய்தது இன்னும் துணிவானது. ஷெவர்லே கொம்பனி தன் கமாரோ காரில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக்கூடாத காலத்தில், 1967இல், அவர் தமது கராஜிலேயே பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டு 427 கன அங்குல எஞ்சினை இறக்கினார். 1969இற் கொம்பனியின் விசேட கட்டளை முறையொன்றினூடாக அதே எஞ்சினைத் தொழிற்சாலையிலேயே பூட்டுவித்தார். வாங்கியவர்கள் கராஜிற் செய்ததைப் பார்த்துத் தொழிற்சாலை பாடங் கற்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பெற்றோரின் கவலை

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, இஃதெல்லாம் இன்ப விளையாட்டு என்று எண்ணிவிடலாகாது. கார் தவணைக்கு வாங்கியது. அதன்மேற் பூட்டும் உறுப்புகளோ ரொக்கத்துக்கு வாங்கியவை. கிறைஸ்லர் கொம்பனி 1963இல் எஞ்சினுக்கும் வலு கடத்தும் உறுப்புகளுக்கும் 5 ஆண்டு அல்லது 50,000 மைல் உத்தரவாதத்தை அறிமுகஞ் செய்து பெருமைப்பட்டது. உள்ளே கைவைத்த இளைஞன் இத்தகைய உத்தரவாதத்தை இழக்கத் துணிந்தே கைவைத்தான். எஞ்சின் உடைந்தால் அடுத்த மாதச் சம்பளமே அதற்கு உத்தரவாதம்.

பணம் போனால் மீளும், உயிர் மீளாது. 1966ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்க வீதிகளில் 50,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டிலேயே மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் அங்கே நிறைவேறியது. வேகத்தைக் கூட்டிய பலர், நிறுத்தும் சக்தியைக் கூட்ட மறந்தனர். உயர்த்திய பின்புறம் வளைவிற் காரின் நிதானத்தைக் குலைத்தது. அளவுக்கு மிஞ்சிச் சுழன்ற எஞ்சினின் கிளச்சும் பறப்புச் சில்லும் சில வேளைகளில் வெடித்துச் சிதறி, தரைத்தகட்டைப் பிளந்து சாரதியின் காலை வெட்டும். இதற்காகவே, தடித்த உருக்கினாற் செய்த காப்புறை ஒன்றை 'லேக்வுட்' போன்ற கொம்பனிகள் விற்றன. அதனை வாங்கிப் பூட்டியவன் விவேகி. குறோம் மெருகுக்குப் பணம் போதவில்லை என்று அதனைத் தவிர்த்தவன் தன் காலைப் பணயம் வைத்தான். இதனாலேயே, தெருவில் ஓடாது கட்டுப்பாடுள்ள கால் மைற் களத்தில் ஓடுமாறு 1951இல் தொடங்கிய பந்தயச் சங்கம் இளைஞரை அழைத்தது. அக்களம் ஆண்களுக்கு மட்டுமே உரியதாகவும் இருக்கவில்லை. 1966இற் பொமோனா நகரில் நடந்த அச்சங்கத்தின் தேசியப் போட்டியொன்றில் ஷேர்லி ஷஹான் என்னும் பெண்மணி வெற்றிபெற்றார்.

இன்னொரு கவலையும் அந்த வீடுகளிற் குடியிருந்தது. கட்டாயப் படைச்சேவைக்குரிய வயதும் மசில் கார் வாங்கும் வயதும் ஒன்றே. வியட்நாம் போர்முனையிலிருந்த வீரர், இராணுவப் பண்டகசாலை மூலம் ஊரிற் பெற்றுக்கொள்ளும்படி புதிய காருக்குப் பதிவுசெய்ய முடிந்தது. சேற்றிலும் மழையிலும் கிடந்தபடி, எந்த நிறம், எந்த எஞ்சின், எந்தச் சில்லு என்று கனவு கண்டவர் பலர். சிலர் திரும்பி வந்து அக்கனவைப் பூட்டி முடித்தனர். சிலர் திரும்பவில்லை. மகன் பாதியிற் கழற்றிவைத்த காரை விற்க மனமின்றி, போர்வையால் மூடிக் கொட்டிலில் நெடுங்காலம் வைத்திருந்த பெற்றோரின் கதைகளும் அந்நாட்டிற் கேட்கப்படுகின்றன.

விழா முடிந்தது

இந்தக் காலம் நீடிக்கவில்லை. காப்புறுதிக் கொம்பனிகள், அதிக குதிரைவலுவுடைய கார்களை இளைஞர் ஓட்டினால் மிகை கட்டணம் அறவிட்டன. 1970இன் தூய வளிச் சட்டம் புகையைக் கட்டுப்படுத்தியது. விற்பனையாளர் அதற்குரிய சாதனங்களைக் கழற்றுவது குற்றமாயிற்று. 1971இல் ஜெனரல் மோட்டோர்ஸ் தன் எஞ்சின்களின் அமுக்க விகிதத்தைக் குறைத்தது. 1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தன. பெற்றோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் நின்றன. நேற்றுவரை வீதியின் அரசனாக இருந்த கார், இன்று வீட்டுக்குப் பாரமாயிற்று. பல கார்கள் சொற்ப விலைக்குக் கைமாறின; பல துருப்பிடித்தன; பல இரும்புக் கடைக்குச் சென்றன.

பின்னர் காலம் சுழன்றது. அன்றைய இளைஞர் நடுவயதும் வசதியும் எய்தித் தம் இளமைக் கார்களைத் தேடலாயினர். 1980களில் அவற்றின் விலை ஏறத் தொடங்கியது. விலை ஏறியபோது ஒரு கொள்கையும் உடன் வந்தது: தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபடியே உள்ள கார்தான் அசல், எஞ்சினிற் பொறித்த இலக்கமும் காரின் இலக்கமும் பொருந்தவேண்டும், திருகாணியும் அன்றைய திருகாணியாகவே இருக்கவேண்டும். இக்கொள்கையினால் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. 1966இல் ஓர் இளைஞன் ஆவலோடு பூட்டிய கிறேகர்ச் சில்லையும் ஹூக்கர்க் குழாயையும் கழற்றிவிட்டு, அவன் அன்று குப்பையில் எறிந்த வார்ப்பிரும்புப் புகைக்கிளைக்காகவும் சில்லு மூடிக்காகவும் பழைய இரும்புக் கடைகளைத் துருவினர். எறிந்ததற்குப் பெரும் விலை, பூட்டியதற்கு விலையில்லை.

எது அசல்?

அண்மைக் காலத்தில் இக்கருத்து மீண்டும் மாறியிருக்கின்றது. இரண்டாம் நாட் கோலத்திலேயே கார்களைப் பேணுவோரும், அவற்றைத் தனியாக வரிசைப்படுத்திக் காட்டும் கண்காட்சிகளும் இன்று உண்டு. அக்காலத்துச் 'சன்' மானியும், கைபட்டுத் தேய்ந்த ஹேர்ஸ்ட் லீவரும், நிறம் மங்கிய சித்திரச் சீட்டும் இப்பொழுது தேடப்படுகின்றன. பழைய சில்லுகளின் வடிவில் புதியனவும் வார்க்கப்படுகின்றன.

இவ்விரு கட்சியாருள் யார் சொல்வது சரி? தொழிற்சாலைக் கோலத்தைப் பேணுவோரை இகழ்வதற்கில்லை. மாற்றங் காணாத கார்கள் மிகக் குறைவு. பொறியியலாளர் அன்று எண்ணியது என்ன என்பதை அறிய அவை வேண்டும். ஆயினும், தொழிற்சாலை வாயிலில் நின்ற கோலம் அந்தக் காரின் ஒரு நாளைய கோலமே. அது வீதியிலே கழித்த ஆண்டுகள் பல. அக்காலத்தில் அதனைப் பார்த்தவர்கள் கண்டது இரண்டாம் நாட் கோலத்தை. முப்பதினாயிரம் கார்களைத் தொழிற்சாலை ஒரே மாதிரி செய்தது. அவற்றை முப்பதினாயிரம் வேறு வேறு கார்களாக்கியது வாங்கியவர்களின் கை.

அக்கைகள் எப்போதும் செம்மையாக வேலை செய்தன என்று சொல்ல முடியாது. வளைந்து பூட்டிய குழாயும், பிழையாகத் துளைத்த துவாரமும் அவற்றில் உண்டு. ஆனால் வளியின் அமுக்கத்தையும் பற்சில்லின் கணக்கையும் புத்தகத்திற் படித்தும் விளங்கிக்கொள்ளாத பலர், இரவு பதினொரு மணிக்கு எண்ணெய் படிந்த விரல்களால் அவற்றை விளங்கிக்கொண்டனர். பின்னாளிற் கம்மியராகவும் பொறியியலாளராகவும் தொழிலதிபராகவும் விளங்கியவருட் பலர் அக்கராஜ்களிலிருந்தே எழுந்தனர்.

ஆகவே பழைய பொருளொன்றைப் புதுப்பிக்க எண்ணுவோர், அது காராயினும் கடிகாரமாயினும் பாட்டனார் வைத்துச் சென்ற மேசையாயினும், திருகாணியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நன்று. இதிற் பிற்காலத்திற் சேர்ந்தது என்று நாம் கழற்றப்போவது பழுதா, அல்லது அதனை வைத்திருந்தவரின் கைவேலையா? பழுதாயின் நீக்குக. கைவேலையாயின், அதனை யார் பூட்டினார், எப்பொழுது பூட்டினார், எதற்காகப் பூட்டினார் என்று விசாரித்து எழுதிவைத்த பின்னர் தீர்மானிக்குக. கழற்றிய உறுப்பைக் கடையிற் திரும்ப வாங்கலாம். பூட்டியவரின் கதையை வாங்கக் கடையில்லை.